ஷட்டவுனை முன்கூட்டிச் சொன்னவருக்கும் மறைத்தவருக்கும் ஒரே கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'நாளை மின்தடை' என்ற கட்டம் தவறாமல் வருகிறது. எந்தத் துணை மின் நிலையம், எந்தெந்தத் தெரு, காலை 9 மணி முதல் 2 மணி வரை என்று ஒன்று விடாமல் போடுகிறீர்கள். அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் மாவரைப்பதும் மோட்டார் போடுவதும் நடக்கிறது. ஆனால் 600 மெகாவாட் அனல் அலகு ஒன்று இன்றிரவு நிற்கப் போகிறது, 400 கே.வி. லைன் ஒன்றை நாளையிலிருந்து பராமரிப்புக்கு எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. இதில் உங்கள் மேல் குறை ஒன்றுமில்லை. நின்று போன அலகுகளின் பட்டியலை மத்திய மின்சார ஆணையம் தினமும் வெளியிடத்தான் செய்கிறது. ஆனால் அது நின்ற பிறகு போடும் பட்டியல். நிற்கப் போவது முன்கூட்டியே யாருக்குத் தெரியும், தெரிந்தவர் எப்போது வாய் திறக்கிறார் என்பதில்தான் கோடிக்கணக்கான ரூபாய் கைமாறுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மின் கொள்முதல் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்ஜினியர் அல்ல. ஆனால் வாராவாரம் வரும் விலகல் கணக்கை வரி வரியாகச் சரிபார்த்த கை இது.

விலகல் கணக்கு என்றால் என்ன என்று உங்கள் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக, 96 பிளாக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த மின் நிலையம் எவ்வளவு தரும், எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கும் என்று முதல் நாளே ஷெட்யூல் போட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு ஐந்நூறு இலை என்று சொல்லிவிட்டு அறுநூறு பேர் வந்து உட்கார்ந்தால் சமையல்காரர் எப்படியோ சமாளித்துவிட்டு, கணக்கு முடிக்கும்போது கேட்பார் அல்லவா, அந்த வித்தியாசத்துக்கான பில்தான் விலகல் கட்டணம். குறைவாகக் கொடுத்தாலும் பில், கூடுதலாக எடுத்தாலும் பில். ஒரு வாரத்துக்கு 672 பிளாக். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை.

இந்த முறை தென் மண்டலத்துக்கு வந்தது 2003 ஜனவரி 1-ஆம் தேதி. அப்போது அதற்கு யு.ஐ., அதாவது ஷெட்யூலில் இல்லாத பரிமாற்றம், என்று பெயர். அதற்கு முன்பு, உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கிறதா என்று காட்டும் பிரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 48 பக்கம் இறங்கிக் கிடந்த காலத்தைச் சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். பிரீக்வென்சி இறங்க இறங்க யூனிட் விலை ஏறும், தொடக்கத்தில் அதிகபட்சம் 4 ரூபாய் 20 காசு என்று வைத்ததும் எல்லாரும் அடக்கி வாசித்தார்கள். உண்மையிலேயே நல்ல விதி அது. ஆனால் போகப் போக அதையே ஒரு சந்தையாக்கிவிட்டார்கள். முறையாக வாங்குவதைவிட ஷெட்யூலை மீறி எடுத்துக்கொண்டு யு.ஐ. கட்டணம் கட்டுவது மலிவு என்று தோன்றினால், கட்டிவிட்டு எடுத்துக்கொண்டே இருந்த மாநிலங்கள் உண்டு.

அதன் விலை 2012 ஜூலையில் தெரிந்தது. 30-ஆம் தேதி அதிகாலை 2.33-க்கு வட மண்டலம் முழுவதும் இருண்டது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து போயின. 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். நம் மண்டலம் அப்போது மற்றவற்றோடு ஒரே பிரீக்வென்சியில் இணைக்கப்படாமல் இருந்ததால் தப்பித்தோம். விசாரணைக் குழுவின் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பினா-குவாலியர் தடத்தில் ஒரு சர்க்யூட்டைத் தரம் உயர்த்தும் வேலைக்காக ஷட்டவுனில் எடுத்திருந்தார்கள். வேறு பல லைன்களும் அதே நேரத்தில் சேவையில் இல்லை. இரண்டு, மிச்சமிருந்த ஒற்றை சர்க்யூட்டின் மேல் சுமை ஏறிக்கொண்டிருந்தபோதும், குறைத்து எடுங்கள் என்று சொல்லியும், மாநிலங்கள் ஷெட்யூலுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தன. ஷட்டவுன் திட்டம் ஒரு விதிப் புத்தகம், பில் போடுவது வேறொரு விதிப் புத்தகம். லைன் பலவீனமாக இருக்கிற நாளில் மீறி எடுப்பதற்கும், எல்லா லைனும் உள்ள நாளில் மீறி எடுப்பதற்கும் பில்லில் வேறுபாடு இல்லை.

இன்றும் அந்த இரண்டு புத்தகங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் என் புகார்.

அதற்குப் பிறகு விதிகள் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 2014-இல் யு.ஐ.-க்குப் பதிலாக டி.எஸ்.எம். என்ற விலகல் கட்டண விதிகள் வந்தன. 2022 டிசம்பர் 5 முதல் புது விதி. அதில் விலையைப் பிரீக்வென்சியிலிருந்து கழற்றிப் பார்த்தார்கள். பிரீக்வென்சி ஆட்டம் காண, சில வாரங்களிலேயே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் திருத்தம் போட வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பர் 16 முதல் இன்னொரு புது விதி. இவ்வளவு மாற்றத்திலும் விவாதம் முழுக்க எத்தனை சதவீதம் விலகினால் என்ன விலை என்பதைச் சுற்றியே நடக்கிறது. ஏன் விலகியது, அது எப்போது தெரிந்தது, தெரிந்தவர் எப்போது சொன்னார் என்பதற்கு விலையே கிடையாது.

ஓர் இடத்தில் மட்டும் காரணம் எட்டிப் பார்க்கிறது. மின் நிலையம் பழுதாகி நின்றால், ஷெட்யூல் திருத்தம் நடைமுறைக்கு வரும் வரை, அதிகபட்சம் 8 பிளாக்குகளுக்கு, அபராதம் ஏறிய விலை இல்லாமல் ஆதார விலையிலேயே விலகல் கணக்கிடப்படும். அதாவது 2 மணி நேரச் சலுகை. சலுகை நியாயம்தான். டிரான்ஸ்பார்மர் வெடித்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அனல் நிலையங்களில் அடிக்கடி வரும் பழுது பாய்லர் டியூப் லீக், அதாவது கொதிகலன் குழாயில் ஓட்டை. அது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. எங்கள் தெருவில் அனல் நிலைய ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வார்: "பாய்லர்ல குறையுறதுக்கு ஈடா ஊத்துற மேக்கப் தண்ணி வழக்கத்தைவிடக் கூடுதலாப் போகும். அப்புறம் பக்கத்துல போய் நின்னா ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். அதைக் கேட்டாலே தெரிஞ்சிரும்மா, நாளைக்கோ நாளன்னைக்கோ நிறுத்தித்தான் ஆகணும்னு." அந்தச் சத்தத்தை நேற்று மாலையே கேட்டுவிட்டு இன்றைக்கும் முழு ஷெட்யூல் கொடுத்தவருக்கும், அதிகாலை மூன்று மணிக்கு எதிர்பாராமல் டிரிப் ஆனவருக்கும் ஒரே சலுகை. இது எந்த ஊர் நியாயம்?

இதற்கு உடனே வரும் பதில், அபராதத்தைக் கூட்டு என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நின்றதற்கு அபராதம் என்று வைத்தால், லீக்கோடேயே ஓட்டுவார்கள். ஒரு டியூப்பில் இருக்கும் ஓட்டை பக்கத்து டியூப்களையும் அறுத்துவிடும், இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு வாரமாகும். இயந்திரத்தை நிறுத்துவது குற்றமல்ல. நிறுத்தப் போவதை மறைப்பதுதான் குற்றம். ஆகவே விலையைத் தாமதத்தின் மேல் வையுங்கள் என்கிறேன். ஆண்டுத் திட்டத்திலேயே சொல்லி, சொன்ன தேதியில் எடுத்து, சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தால் ஒரு பைசா வேண்டாம். முந்தைய நாள் ஷெட்யூல் போடும் முன்பு சொன்னால் சொற்பம். தெரிந்த பிறகும் மூடி வைத்திருந்து, கடைசியில் 'பழுது' என்று பெயர் சூட்டினால், சலுகை ரத்து, அந்த மின்சாரத்தை மற்றவர்கள் சந்தையில் வாங்கிய விலை முழுவதும் அவர் தலையில். தெரிந்ததா இல்லையா என்பதற்குக் கண்ட்ரோல் ரூம் பதிவுகள் சாட்சி. மேக்கப் தண்ணீர்க் கணக்கு நிமிடத்துக்கு நிமிடம் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஷட்டவுன் திட்டத்தையும் விலகல் கணக்கையும் பார்க்கும் மண்டல மின் குழுவோடு சேராத தணிக்கையாளர் ஒருவர், சந்தேகத்துக்குரிய சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும். எல்லாவற்றையும் தோண்ட வேண்டியதில்லை.

முன்கூட்டித் தெரிவதால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். மின்சாரப் பரிவர்த்தனை மையங்களில் 2020 ஜூன் 1 முதல் நிகழ்நேரச் சந்தை நடக்கிறது. அரை மணிக்கு ஓர் ஏலம், நாளுக்கு 48 ஏலம். 1000 மெகாவாட் அலகு ஒன்று நிற்கப் போவது ஒருவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தால், இரண்டு ஏலத்தில் அவர் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம் அல்லது விலை சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்கள் இருட்டில் கை வைப்பார்கள். மாலை நேரத்தில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் சந்தையில் இது சின்ன விஷயமல்ல. அப்படி யாராவது செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. செய்ய வழி திறந்து கிடக்கிறது என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், 100 மெகாவாட்டோ அதற்கு மேலோ உற்பத்தி குறையப் போகிறது என்றால், முடிவெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது. வாங்குபவர், விற்பவர், பத்திரிகைக்காரர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நமக்கும் அது ஒரு வரி விதிதான். புது மென்பொருளோ புது அலுவலகமோ தேவையில்லை. மின்கட்டத்தை இயக்கும் லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு மின் நிலையங்கள் அனுப்பும் அதே தகவலை ஒரு பொது வலைப்பக்கத்தில் அதே நிமிடம் காட்டினால் போதும்.

இனி லைன் விஷயம். எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான்.

மாநிலங்களுக்கிடையிலான ஏ.சி. மின்தொடர் அமைப்புகளுக்கு 98 சதவீத நேரம் சேவையில் தயாராக இருந்ததாகக் காட்டினால் ஆண்டு நிலைக்கட்டணம் முழுதாகக் கிடைக்கும். மீதி 2 சதவீதம் என்பது வருடத்துக்குச் சுமார் 7 நாள். அந்த 7 நாளும் எந்த நாள் என்பதற்குக் கணக்கில் மதிப்பே இல்லை. நவம்பர் மழையில் தேவை படுத்துக் கிடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனை எடுத்தாலும் ஒரு நாள்தான், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு வீசும் நாளில் எடுத்தாலும் ஒரு நாள்தான். தமிழகத்தில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதன் விளைச்சலில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். அந்த ஐந்து மாதத்தில் தெற்கு மாவட்டங்களிலிருந்து வெளியேறும் ஒரு லைன் நின்றால், காற்றாலைகளைக் குறைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. குறைத்த காற்று நாளைக்குத் திரும்ப வருமா?

வேடிக்கை என்னவென்றால், அனல் நிலையங்களுக்கு இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்தாயிற்று. 2019-24 கட்டண விதிகளில், மத்திய ஒழுங்குமுறை ஆணையம் வருடத்தை அதிகத் தேவைக் காலம் மூன்று மாதம், குறைந்த தேவைக் காலம் ஒன்பது மாதம் என்று பிரித்து, நாளிலும் உச்ச நேரத்தைத் தனியாக எடுத்து, நிலைக்கட்டணத்தை அதற்கேற்ப வசூலிக்கச் சொன்னது. தேவையான நேரத்தில் தயாராக இருந்தால்தான் முழுப் பணம். அதே தர்க்கத்தை லைனுக்கு ஏன் கொண்டுவரவில்லை? காற்றுச் சீசனில் காற்றுப் பகுதி லைன் ஒரு நாள் நின்றால் மூன்று நாளாகக் கணக்கிடு, சீசன் முடிந்து எடுத்தால் அரை நாளாகக் கணக்கிடு. பராமரிப்பு அட்டவணை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். அனலுக்கு இது நேர்மாறு. காற்று நன்றாக அடிக்கும் மாதங்கள்தான் அனல் அலகுகளை ஓவர்ஹாலுக்கு எடுக்கத் தோதான காலம். ஒரே மாநிலத்தில் இரண்டு காலண்டர் இருப்பது புரியாமல் 'பராமரிப்பு மாதம்' என்று பொதுவாக ஒன்றைக் குறித்துவிட முடியாது.

லைன் நின்றதால் வந்த விலகலை யார் சுமப்பது என்பது அடுத்த கேள்வி. காற்றாலையைக் குறைக்கச் சொல்லி உத்தரவு 11.10-க்கு வருகிறது என்று வையுங்கள். ஷெட்யூல் திருத்தம் உடனே நடைமுறைக்கு வராது, சில பிளாக் கழித்துத்தான் வரும். இடைப்பட்ட பிளாக்குகளில் காற்றாலைக்காரர் குறைவாகக் கொடுத்ததாகப் பதிவாக வாய்ப்புண்டு. வாங்குபவர் வேறெங்கோ தேடிப் பிடித்து அதிக விலை கொடுப்பார் அல்லது தானும் ஷெட்யூலை மீறி எடுத்து விலகல் பில் வாங்குவார். லைனை எடுத்தவர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அவருடைய 98 சதவீதத்துக்கு ஒரு கீறல்கூட விழாது. போதாக்குறைக்கு, எல்லாருடைய விலகல் கட்டணமும் வந்து போகும் பொதுக் கணக்கான விலகல் பூலில் பற்றாக்குறை விழுந்தால் அதை மின்சாரம் எடுக்கும் தரப்பிடம் பிரித்து வசூலிக்கவும் விதி இருக்கிறது. அதாவது கடைசியில் நமக்கு மின்சாரம் விநியோகிக்கும் டிஸ்காம். டிஸ்காம் என்றால் நானும் நீங்களும்தான். குறைக்கும் உத்தரவு வந்த நிமிடத்திலிருந்து ஷெட்யூலும் திருத்தப்பட்டதாகக் கருத வேண்டும். அந்த வித்தியாசத்துக்கான தொகை, திட்டத்தில் இல்லாமல் லைனை எடுத்தவரிடமிருந்தோ, சொன்ன தேதிக்குத் திருப்பித் தராமல் இழுத்தவரிடமிருந்தோ பூலுக்கு வர வேண்டும். புயலில் கோபுரம் சாய்ந்ததற்கெல்லாம் இது பொருந்தாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கணக்கு எழுதும் முறையைப் பற்றியும் கொஞ்சம். 15 நிமிடத்தை 5 நிமிடமாக்க வேண்டும் என்று நம் நாட்டில் பல வருடங்களாகப் பேச்சு நடக்கிறது. ஆஸ்திரேலியா 2021 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டது. கொள்கை சரிதான். பேட்டரி, கேஸ் போன்ற விரைந்து எழும் நிலையங்களுக்கு அது நியாயம் செய்யும். ஆனால் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அவசரம் இல்லை. ஒரு முறை மாலை 6 மணி பிளாக்கில் மட்டும் தினமும் நாங்கள் கூடுதலாக எடுத்ததாகவும் அடுத்த பிளாக்கில் குறைவாக எடுத்ததாகவும் வந்துகொண்டிருந்தது. ஷெட்யூலில் பிசகு இல்லை. லோடும் அப்படி ஆடவில்லை. மீட்டரிங் பிரிவுத் தம்பி போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தான்: "மேடம், அந்த மீட்டர் கடிகாரம் அஞ்சு நிமிஷம் பின்தங்கி ஓடுது." அவ்வளவுதான். ஷெட்யூல் ஏறும் நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் ஒரு பிளாக்கின் மூன்றில் ஒரு பங்கை முந்தின பிளாக்குக்கு இழுத்துவிடுகிறது. இரண்டு பிளாக்குக்கும் விலை வேறு. கடிகாரத்தைச் சரி செய்ய ஒரு நாள் ஆகவில்லை. திருத்திய கணக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. நாங்கள் கட்டத் தாமதித்தால் நாளொன்றுக்கு 0.04 சதவீதம் வட்டி. எங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணத்துக்கு அந்த வேகம் இல்லை. 5 நிமிடப் பிளாக் வந்தால் அதே கடிகாரக் கோளாறு ஒரு பிளாக்கை முழுதாக விழுங்கிவிடும், வாரத்துக்கு 672 வரி 2016 வரியாகும். எனவே முதலில் கடிகாரங்களைத் தானியங்கியாக ஒத்திசையுங்கள். சர்ச்சைக்குரிய பிளாக்குகளுக்கு 30 நாளில் இறுதிக் கணக்கு, தாமதமானால் திருப்பித் தர வேண்டியவருக்கும் அதே 0.04 சதவீத வட்டி என்று எழுதுங்கள். 5 நிமிடத்தை அதன் பிறகு பேசலாம்.

உற்பத்தியாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்ல வேண்டும். ஓவர்ஹாலுக்குத் தேதி குறித்து, ஒப்பந்தக்காரரை வரவழைத்து, உதிரி பாகமும் வந்து இறங்கிய பிறகு, தேவை கூடிவிட்டது, தள்ளிப்போடுங்கள் என்று லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து சொல்வதுண்டு. வெயில் காலத்தில் இது சாதாரணம். தமிழகத்தின் உச்சத் தேவை 2024 மே மாதம் 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோது எந்த அலகையும் நிறுத்த விட்டிருக்க மாட்டார்கள். அப்படித் தள்ளிப்போட்ட அலகு அடுத்த மாதம் டியூப் லீக்கில் நின்றால், அதைப் பழுது என்று எழுதி அவர் மேல் போடுவது அநியாயம். தள்ளிப்போடச் சொன்ன உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் வந்த செலவும் விலகலும் பொது பூலிலிருந்து ஈடுகட்டப்பட வேண்டும். தாமதத்துக்கு விலை என்று சொன்னால் இரு தரப்புக்கும்தான் சொல்கிறேன்.

மத்திய ஒழுங்குமுறை ஆணையம் விதி மாற்றும் முன் வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. வரைவு ஆங்கிலத்தில் இருக்கும், அவகாசம் சில வாரங்கள், கருத்து அனுப்புவோர் பெரும்பாலும் நிறுவனங்களும் அவற்றின் வக்கீல்களும். பல்லடத்தில் ஒற்றைக் காற்றாலை வைத்திருக்கும் மில்காரரோ, என்னைப் போன்ற பழைய கணக்காளரோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த வரைவு வந்தால் அதன் சுருக்கத்தையும் கடைசித் தேதியையும் தமிழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாநில ஒழுங்குமுறை ஆணையம் தன் பங்குக்கு, காற்றுப் பகுதி லைன்களின் ஷட்டவுன் அட்டவணையை ஏப்ரல் முடிவதற்குள் வெளியிடச் செய்து, திருநெல்வேலியிலோ உடுமலையிலோ ஒரு கருத்துக் கேட்பு வைக்கலாம். இந்தக் கடிதத்தின் நகலை இரண்டு ஆணையங்களுக்கும் அனுப்புகிறேன். என் கணக்கில் பிழை இருப்பதாக அவர்கள் கருதினால், பிளாக் எண்ணோடு எழுதட்டும், பதில் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் கொள்முதல் கணக்கு அலுவலர்,
திருநெல்வேலி மாவட்டம்.